அயர்லாந்தில் மூதாதையரைத் தேடுவது எப்படி: பெயரை விட ஊர் முக்கியம்

அயர்லாந்தில் மிக அதிகம் பேர் சுமக்கும் குடும்பப்பெயர் மர்ஃபி. அதற்குப் பின்னால் கெல்லி, சல்லிவன், வால்ஷ் என்று வரிசை நீளும். "என் கொள்ளுத்தாத்தா பேட்ரிக் மர்ஃபி, அயர்லாந்துக்காரர்" என்ற ஒரே தகவலோடு இணையத்தில் இறங்குபவர் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான பேட்ரிக் மர்ஃபிகளைப் பார்த்துவிடுவார். தன்னுடையவர் யார் என்பது மட்டும் விளங்காது. ஒரே கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு), ஏறக்குறைய ஒரே வயதில், மேரி என்ற மனைவியோடு வாழ்ந்த பேட்ரிக்குகளே எத்தனையோ பேர்.

அதனால்தான் இந்தத் தேடலில் பழகியவர்கள் "எந்த டவுன்லேண்ட்?" என்று முதலில் கேட்பார்கள். பெயரில் டவுன் இருந்தாலும் இது நகரமல்ல. அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப்பிரிவு இதுதான்: கொஞ்சம் வயல், கொஞ்சம் மேய்ச்சல், சில வீடுகள், தனக்கென்று ஒரு பெயர். தீவு முழுவதும் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட டவுன்லேண்டுகள் இருக்கின்றன. பல சேர்ந்து ஒரு சிவில் பாரிஷ், அதாவது அரசு நிர்வாக வட்டாரம்; பல பாரிஷ் சேர்ந்து ஒரு கவுண்டி. கவுண்டிகள் 32, மாகாணங்கள் நான்கு. குத்தகை, வரி, மக்கள்தொகைக் கணக்கு எல்லாமே கிராமப்புறத்தில் டவுன்லேண்ட் பெயரின் கீழ்தான் எழுதப்பட்டன. குடும்பப்பெயரும் டவுன்லேண்டும் சேர்ந்து கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு ஊர்ப்பெயரை நோக்கிப் போவதற்கும், அங்கிருந்து பின்னோக்கி நடப்பதற்கும்தான்.

பெரம்பூர், பரங்கிமலை, திருச்சி பொன்மலை போன்ற இடங்களில் ஐரிஷ் குடும்பப்பெயரோடு வாழும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களையும், ஐரிஷ் வம்சாவளிக் குடும்பத்தில் பெண் எடுத்த, கொடுத்த தமிழர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் வழி இதேதான்.

தொடங்குமுன்: எரிந்தது எது, மிஞ்சியது எது

1922 ஜூன் 30. அயர்லாந்து உள்நாட்டுப் போரின் முதல் நாட்கள். டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் கட்டட வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டு ஆவணங்கள் சாம்பலாகிக் காற்றில் பறந்தன. 1821 முதல் 1851 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி, உயில்களின் மூலப்பிரதிகள், அயர்லாந்துத் திருச்சபை என்னும் ஆங்கிலிகன் சபையின் பதிவேடுகளில் பாதிக்கும் மேல், அன்றோடு போயின.

ஆனால் எல்லாப் பழியையும் அந்தத் தீயின் மேல் போடுவது நியாயமல்ல. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசே உத்தரவிட்டு அழித்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகிவிட்டன. போரில் எரிந்ததையாவது விதி என்று விடலாம்; அரசே தன் கையால் அழித்ததை என்ன சொல்வது?

கத்தோலிக்கப் பதிவேடுகள் தப்பின. அவை அரசுக் காப்பகத்துக்குப் போகாமல் அந்தந்தப் பங்குக் கோயிலிலேயே இருந்ததே காரணம். 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுமையாக இருக்கின்றன. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் எரிந்த கட்டடத்தில் இல்லை. நில வரிக் கணக்குகளும் உண்டு. "ஐரிஷ் ஆவணம் எல்லாம் எரிந்துவிட்டது, தேடிப் பயனில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதல் படி: வீட்டில் இருப்பதை எழுதி வையுங்கள்

உங்களிடமிருந்து தொடங்கித் தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போங்கள். நடுவில் ஒருவரைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் நாள், இடம், ஆதாரம். வீட்டுப் பெரியவர்களிடம் மூதாதையரின் மதப்பிரிவைக் கட்டாயம் கேளுங்கள். கத்தோலிக்கரா, ஆங்கிலிகனா, பிரஸ்பிட்டேரியனா என்பதைப் பொறுத்துத் தேடும் இடமே மாறிவிடும். உடன்பிறந்தவர்கள் பெயரையும் விடாதீர்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா எங்கும் ஊர்ப்பெயர் எழுதாமல் போயிருக்கலாம். அவருடைய தங்கையின் கல்லறைக் கல்லில் அது செதுக்கப்பட்டிருக்கலாம். ஜெபப் புத்தகத்துக்குள் செருகிய நினைவு அட்டை, வேதாகமத்தின் முன்பக்கம், பழைய கடித உறையின் முத்திரை ஆகியவற்றையும் பாருங்கள்.

குடும்பக் கதைகளை எழுதி வையுங்கள், ஆனால் ஆதாரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று சகோதரர்கள் ஒன்றாகக் கப்பலேறினார்கள் என்ற கதை ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் உண்டு. நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்பது இன்னொன்று. அங்கிருந்தவர்கள், கப்பல் புறப்படும் ஊரில் எழுதிக் கொண்டுவந்த பயணிகள் பட்டியலைத்தான் சரிபார்த்தார்கள்.

இரண்டாம் படி: குடியேறிய நாட்டில் ஊர்ப்பெயரைப் பிடியுங்கள்

பலர் நேராக அயர்லாந்தின் ஆவணங்களுக்குள் குதித்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். சொந்த ஊர்ப்பெயர் பெரும்பாலும் அயர்லாந்துக்கு வெளியேதான் எழுதிக் கிடக்கும். போய்ச் சேர்ந்த நாட்டில்தானே "எந்த ஊர்?" என்று கேட்டிருப்பார்கள்.

அமெரிக்கா என்றால் கல்லறைக் கல், இரங்கல் செய்தி, கத்தோலிக்கக் கோயிலின் திருமணப் பதிவேடு ஆகியவற்றைப் பாருங்கள். பாஸ்டன் பைலட் என்ற பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை, தொடர்பு அறுந்த உறவினரைத் தேடி மக்கள் விளம்பரம் கொடுத்தார்கள். கவுண்டி, பாரிஷ், சில சமயம் டவுன்லேண்ட் வரை அதில் இருக்கும். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களின் இறப்புச் சான்றிதழ்கள் தங்கச் சுரங்கம்: இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த இடம், குடியேறி எத்தனை ஆண்டு என்பது வரை எழுதியிருப்பார்கள்.

சென்னையிலிருந்து தொடங்குபவர்களுக்கு வழி பெரும்பாலும் ராணுவத்தின் ஊடாகப் போகும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைகளில் ஐரிஷ்காரர்கள் கணிசமாக இருந்தார்கள். கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவு மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் ஆகி, 1862இல் அரச படையோடு சேர்ந்து, 1881இல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் முதல் பட்டாலியனாக மாறியது. அந்தப் படை 1922இல் கலைக்கப்பட்டது.

இந்தக் குடும்பங்களுக்கு இரண்டு வகை ஆவணங்கள் முக்கியம். ஒன்று, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். அதில் என்/2 என்ற வரிசை சென்னை மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல். 1698 முதல் இருக்கிறது. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்தில் படமாகவே பார்க்கலாம். ஐரிஷ் சிப்பாய்களில் பலர் கத்தோலிக்கர்கள். கத்தோலிக்கச் சடங்குகள் இந்த நகல்களில் முழுமையாக இடம்பெறவில்லை. அங்கே இல்லையென்றால் உள்ளூர்ப் பங்கின் பழைய பதிவேடுகளைத்தான் நாட வேண்டும். எல்-மில்-11 என்ற வரிசையில் மெட்ராஸ் படையின் ஆள்கணக்குப் பட்டியல்களும் உண்டு. ஃபிபிஸ் என்ற குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் பெயர்ப் பட்டியலை இலவசமாகவே தேடலாம்.

இரண்டாவது, அரச படையில் இருந்தவர்களுக்கு லண்டன் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தின் டபிள்யூஓ 97 வரிசை. ஓய்வூதியம் பெற்ற சிப்பாயின் விடுவிப்புத் தாள் அது. "இன்ன பாரிஷில், இன்ன நகரத்துக்கு அருகில், இன்ன கவுண்டியில் பிறந்தவர்" என்று அச்சிட்ட வாக்கியத்தில் இடத்தை மட்டும் கையால் நிரப்பியிருப்பார்கள். உயரம், கண்ணின் நிறம், சேர்வதற்கு முன் பார்த்த தொழிலும் இருக்கும். அந்த ஒரு தாள் கிடைத்தால் கடல் தாண்டியாகிவிட்டது.

மூன்றாம் படி: குடும்பப்பெயரின் வேடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐரிஷ் மொழியில் ஓ என்றால் பேரன் வழி வந்தவர், மக் என்றால் மகன். மகளுக்கு ஓ என்பது நீ ஆகும், மக் என்பது நிக் ஆகும். ஆங்கில ஆட்சியில், முக்கியமாக 17, 18ஆம் நூற்றாண்டுகளில், பல குடும்பங்கள் இந்த முன்னொட்டை விட்டுவிட்டன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் மொழி மறுமலர்ச்சி வந்ததும் பலர் மறுபடி சூட்டிக்கொண்டார்கள். ஆகவே சல்லிவனைத் தேடும்போது ஓ'சல்லிவனையும், கானலைத் தேடும்போது ஓ'கானல், மெக்கானல் இரண்டையும் பாருங்கள். நாடகாசிரியர் ஷான் ஓ'கேசி பிறந்தபோது ஜான் கேசி. மக் என்று எழுதினால் ஸ்காட்லாந்து, மெக் என்று எழுதினால் அயர்லாந்து என்று சொல்வது வெறும் கட்டுக்கதை.

அடுத்த வேடம் மொழிபெயர்ப்பு. கவான் கவுண்டியில் கொல்லன் மகன் என்று பொருள்படும் ஐரிஷ் பெயர் ஸ்மித் ஆகிவிட்டது. வேறு இடங்களில் அதே பெயர் மெக்கவன் என்று ஒலிப்பெயர்ப்பாக நின்றது. மெக்கவனுக்கும் ஸ்மித்துக்கும் உறவு இருக்க முடியாது என்று ஒதுக்குபவர் தன் தாத்தாவையே ஒதுக்கிவிடக்கூடும். முயல் என்ற சொல்லைப் போல ஒலித்ததாலேயே ராபிட் என்று ஆகிப்போன குடும்பங்களும் இருக்கின்றன; பெயர் எழுதியவர் என்ன நினைத்துச் சிரித்தாரோ! ஃபிட்ஸ் என்று தொடங்கும் பெயர்கள் பொதுவாக 12ஆம் நூற்றாண்டில் வந்த நார்மன்களுடையவை. ஃபிட்ஸ்பேட்ரிக் மட்டும் விலக்கு. அது ஐரிஷ் குலப்பெயர். பர்க், பவர், பட்லர் ஆகியவையும் நார்மன் வழி வந்தவை. வால்ஷ் என்றால் வேல்ஸ் நாட்டவர்.

எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். "நாங்கள் பெயரில் ஆங்கில ஈ எழுத்துப் போடும் கியர்னி, ஈ இல்லாதவர்கள் வேறு குடும்பம்" என்பார்கள் சிலர். எழுதப் படிக்கத் தெரியாதவரின் பெயரைக் குருவானவர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே தம்பதியின் ஐந்து பிள்ளைகளுக்கு மூன்று விதமான எழுத்துக்கூட்டல் இருப்பது சாதாரணம்.

ஊர் தெரியாதவர்களுக்குக் குடும்பப்பெயர் செய்யும் உதவி ஒன்று உண்டு. பல பெயர்கள் இன்றும் தம் பழைய மண்ணிலேயே அடர்ந்திருக்கின்றன. கல்லகர் என்றால் டொனிகால். மெக்கார்த்தி என்றால் கார்க். ஓ'சல்லிவன் என்றால் கார்க்கும் கெரியும். பர்ன் என்றால் விக்லோ பக்கம். ஜாய்ஸ் என்றால் கால்வே. ரயன் என்றால் டிப்பெரரி. 1890ஆம் ஆண்டில் பதிவான பிறப்புகளை வைத்து எந்தப் பெயர் எந்தக் கவுண்டியில் எத்தனை என்று ராபர்ட் மேதசன் என்ற பதிவுத்துறை அதிகாரி 1894இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அதுதான் இன்றும் தொடக்கப் புள்ளி. அபூர்வமான பெயராக இருந்தால் ஒரே ஒரு பாரிஷ் வரை குறுகிவிடும். இரண்டு குடும்பப்பெயர்களைச் சேர்த்துத் தேடுவது இன்னும் நல்லது: கணவர் வீட்டுப் பெயரும் மனைவி பிறந்த வீட்டுப் பெயரும் ஒருங்கே அடர்ந்திருக்கும் பகுதிகள் அதிகம் இருக்காது.

டிப்பெரரி ரயன்கள் விஷயம் தனி. ஊர் முழுக்க ரயன் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? ஒவ்வொரு கிளைக்கும் பட்டப்பெயர் உண்டு. வெள்ளை ரயன், சிவப்பு ரயன் என்று வரி ஆவணத்திலேயே அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பார்கள். சில இடங்களில் நம் ஊர் இனிஷியலைப் போலத் தகப்பன் பெயரைச் சேர்த்துவிடுவார்கள்: மைக்கேல் ரயன், அடைப்புக்குறிக்குள் ஜான். அந்த அடைப்புக்குறியைப் பார்த்தால் நகலெடுக்காமல் விடாதீர்கள். ஒரு தலைமுறை இலவசம்.

முதற்பெயர்களும் வேடம் போடும். ஜெரமையா, டார்பி இரண்டும் டியர்மிட் என்ற ஐரிஷ் பெயருக்கு ஆங்கிலத்தில் எழுதியவை. ஆகவே ஒரே ஆளாக இருக்கலாம். டீக் என்பவர் டிமதி ஆவார். கொனர் என்பவர் கொர்னீலியஸ் ஆவார். பிரிஜித் என்பவர் பிடி, டீலியா, பெடீலியா; ஹொனோரா என்பவர் நோரா, ஹனோரா. மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர், அடுத்தவளுக்குத் தந்தைவழிப் பாட்டி பெயர் என்பது பரவலான வழக்கம். சட்டமல்ல, ஆனால் நல்ல துப்பு.

நான்காம் படி: 1901, 1911 கணக்கெடுப்பு

அயர்லாந்துத் தேசியக் காப்பகத்தின் தளத்தில் இரண்டும் இலவசம், கையெழுத்துத் தாள்களின் படத்தோடு. 1901 மார்ச் 31, 1911 ஏப்ரல் 2 ஆகிய இரவுகளில் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்ற கணக்கு அது. உங்கள் மூதாதை அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டாலும் பாருங்கள். அண்ணனோ தம்பியோ அதே வீட்டில் இருந்திருப்பார்.

ஏ படிவத்தில் பெயர், உறவு, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, வயது, தொழில், பிறந்த கவுண்டி, ஐரிஷ் பேசுவாரா என்பவை இருக்கும். 1911இல் மணமான பெண்களிடம் மேலும் மூன்று கேள்விகள்: திருமணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளைகள் உயிரோடு பிறந்தன, எத்தனை இப்போது உயிருடன். பத்து, ஆறு என்று அந்தக் கட்டங்களில் பார்த்தால் நான்கு இறப்புப் பதிவுகளைத் தேட வேண்டும் என்று பொருள்.

பலர் ஏ படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள். பி1 படிவத்தைத் திறந்து பாருங்கள். சுவர் கல்லோ செங்கல்லோ என்றால் 1, மண் என்றால் 0. கூரை ஓடு, கற்பலகை என்றால் 1, வைக்கோல் வேய்ந்தது என்றால் 0. அறைகள் எத்தனை, முன்பக்கம் ஜன்னல் எத்தனை என்று மதிப்பெண் கூட்டி வீட்டுக்கு வகுப்புப் போட்டிருப்பார்கள். பி2இல் தொழுவம், பன்றிக் கொட்டில் கணக்கு. ஏழு பேர் இரண்டு அறையில், ஒரு ஜன்னலோடு இருந்தார்கள் என்பது ஒரு தாளில் தெரிந்துவிடும்.

வயதை மட்டும் நம்ப வேண்டாம். 1901இல் 56 என்று சொன்னவர் 1911இல் 71 ஆகியிருப்பார். நடுவில் நடந்தது இதுதான்: 1909 ஜனவரி 1 முதல் 70 வயது நிரம்பியவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை முதியோர் ஓய்வூதியம் வந்தது. அரசு கேட்கும் பிறப்புச் சான்றிதழ் யாரிடமும் இல்லை; பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864இல். அதனால் விண்ணப்பித்தவர்களுக்காக 1841, 1851 கணக்கெடுப்பில் அவர்களுடைய பெற்றோர் வீட்டைத் தேடிப் பார்த்தார்கள். அந்தக் கணக்கெடுப்பு எரிந்துவிட்டது. தேடச் சொல்லி எழுதிய விண்ணப்பத் தாள்கள் தப்பிவிட்டன! பெற்றோர் பெயர், டவுன்லேண்ட், கிடைத்த விவரம் எல்லாம் அவற்றில் உண்டு. தேசியக் காப்பகத் தளத்தில் கணக்கெடுப்புத் தேடல் படிவங்கள் என்ற தலைப்பில் இருக்கின்றன.

1921இல் விடுதலைப் போர் காரணமாகக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 1926 ஏப்ரல் 18இல் நடந்தது. நூறாண்டு மூடிவைக்கும் விதிப்படி அதைத் திறக்கும் காலம் 2026 ஏப்ரல். அதுவும் தனி நாடான தெற்கின் 26 கவுண்டிகளுக்கு மட்டும்; மற்ற ஆறும் பிரிட்டனோடு தங்கிய வட அயர்லாந்து.

ஐந்தாம் படி: பிறப்பு, திருமணம், இறப்பு

கத்தோலிக்கரல்லாதவர்களின் திருமணப் பதிவு 1845 ஏப்ரலில் தொடங்கியது. அனைவருக்கும் எல்லாப் பதிவும் 1864 ஜனவரி 1 முதல். ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் நூறாண்டு கடந்த பிறப்பு, 75 ஆண்டு கடந்த திருமணம், 50 ஆண்டு கடந்த இறப்புப் பதிவுகளின் படங்கள் இலவசம். வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளில் 1922க்குப் பிந்தையவற்றுக்கு அவர்களுடைய பதிவு அலுவலகத் தளத்தில் பணம் கட்ட வேண்டும்.

பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். திருமணப் பதிவில் இரு தகப்பன்மாரின் பெயரும் தொழிலும். இறப்புப் பதிவு ஏமாற்றம் தரும்: பெற்றோர் பெயர் இல்லை, அடக்கம் செய்த இடமும் இல்லை. ஆனால் தகவல் கொடுத்தவர் பெயர் இருக்கும். அது பெரும்பாலும் மகளோ மருமகளோ.

ஞானஸ்நானம் பிறப்புக்கு முன்பே நடந்ததாகக் கண்டால் திகைக்க வேண்டாம். தாமதமாகப் பதிந்தால் அபராதம். அதனால் உண்மையில் பிறந்ததற்குப் பிந்தைய ஒரு நாளைப் பிறந்த நாள் என்று சொன்னார்கள். கோயில் தேதியை நம்புங்கள்.

ஐரிஷ் குடியுரிமைக்காகத் தேடுபவர்கள், தாத்தா பாட்டியில் ஒருவர் அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இணையப் படம் அதற்குச் செல்லாது. சான்றிதழை முறைப்படி வாங்க வேண்டும்.

ஆறாம் படி: கோயில் பதிவேடுகள்

1864க்கு முன் கத்தோலிக்கர்களுக்கு ஏறக்குறைய இது ஒன்றே கதி. அயர்லாந்துத் தேசிய நூலகம் 2015இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பதிவேடுகளை இலவசமாக இணையத்தில் ஏற்றியது. பெரும்பாலும் 1880 வரை. நகரங்களில் 18ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகள் உண்டு. மேற்குக் கரையின் ஏழைப் பங்குகளில் பல 1820களுக்குப் பிறகே தொடங்குகின்றன. பங்கின் எல்லையும் சிவில் பாரிஷின் எல்லையும் ஒன்றல்ல, பெயரும் வேறாக இருக்கும். முதலில் வரைபடத்தில் இரண்டையும் பொருத்திப் பாருங்கள்.

பல பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். யாகோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம், யோவான்னெஸ் என்றால் ஜான். ஒவ்வொரு பதிவிலும் ஞானப்பெற்றோர் இருவர் பெயர் உண்டு. அவர்கள் பெரும்பாலும் மாமனோ சித்தியோதான். பெண் வீட்டுப் பங்கில்தான் திருமணம் நடக்கும். தவக்காலத்தில் திருமணம் இல்லை என்பதால் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரங்களில் பதிவுகள் குவிந்திருக்கும். மை மங்கிய பக்கங்களில் முதலில் அங்கே தேடுங்கள்.

ஆங்கிலிகன் குடும்பம் என்றால் டப்ளினில் உள்ள திருச்சபை நூலகம். பிரஸ்பிட்டேரியன் என்றால் பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்து அரசுக் காப்பகமும் பிரஸ்பிட்டேரியன் வரலாற்றுச் சங்கமும். டப்ளினுக்கு அனுப்பாமல் உள்ளூரில் தங்கிப்போன ஆங்கிலிகன் பதிவேடு என்ன செய்யும் என்பதற்கு ஒபாமா குடும்பமே சாட்சி. அவருடைய தாய்வழி மூதாதை ஃபால்மத் கியர்னி 1850இல் அமெரிக்காவுக்குப் போனவர், செருப்புத் தைப்பவரின் மகன். 2007இல் ஆஃபலி கவுண்டி மனிகால் பகுதியின் குருவானவர் ஸ்டீபன் நீல், டெம்பிள்ஹாரி கோயில் பதிவுகளில் அந்தக் குடும்பத்தைக் கண்டார். ஃபால்மத் என்ற அபூர்வப் பெயர் உதவியது. அவர் பேட்ரிக் கியர்னியாக இருந்திருந்தால் 2011 மே மாதம் மனிகாலில் ஒபாமா பியர் அருந்தியிருக்க மாட்டார்.

ஏழாம் படி: நில ஆவணங்கள்

1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் நாடு முழுவதும் வீடு, நிலம் மதிப்பிடப்பட்டது. அழிந்த கணக்கெடுப்புகளுக்கு இதுவே மாற்று. ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் இலவசம். குடியிருப்பவர், அவருக்கு நிலம் விட்டவர், டவுன்லேண்ட், பரப்பு, மதிப்பு என்று வரிசையாக இருக்கும். இடது ஓரத்தில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். அதே எண் வரைபடத்திலும் இருக்கும், அதை வைத்து இன்றும் அந்த வயலில் போய் நிற்கலாம். ஆனால் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு, பிள்ளைகள் கிடையாது. பெரும்பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் இறந்து, அதற்கும் மேற்பட்டோர் வெளியேறிய நேரம் அது. தெற்கில் முதலில், வடக்கில் கடைசியில் எடுத்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

மதிப்பீட்டுக்குப் பிறகு நிலம் கைமாறும்போதெல்லாம் பழைய பெயரை வண்ண மையால் அடித்துப் புதுப்பெயரும் ஆண்டும் எழுதினார்கள். இந்தத் திருத்தப் புத்தகங்களில் தகப்பன் பெயர் அடிபட்ட ஆண்டுக்குச் சற்று முன்னால் அவருடைய இறப்புப் பதிவைத் தேடலாம். வட அயர்லாந்துக்குரியவை பெல்ஃபாஸ்ட் காப்பகத் தளத்தில் இலவசம், தெற்கினுடையவை டப்ளினில்.

பஞ்சத்துக்கு முந்தைய தலைமுறைக்கு 1823 முதல் 1837 வரையிலான தசமபாக வரிப் புத்தகங்கள் உண்டு. ஆங்கிலிகன் சபைக்காக எல்லா மதத்தவரிடமும் பிடுங்கிய வரி. நிலமற்ற கூலிகளும் நகரவாசிகளும் அதில் இல்லை.

எட்டாம் படி: கிடைத்தவர் உங்களுடையவர்தானா?

1892 ஜனவரி 1 அன்று எல்லிஸ் தீவில் முதலாவதாகப் பதிவானவர் கார்க்கிலிருந்து தம்பிகளோடு வந்த ஆனி மோர். அவர் டெக்சாஸுக்குப் போய் 1923இல் விபத்தில் இறந்தார் என்று பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். அந்தக் குடும்பத்தார் எல்லிஸ் தீவு விழாக்களுக்கு அழைக்கப்பட்டார்கள். பின்னர் மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் கணக்கெடுப்பைப் பார்த்தபோது டெக்சாஸ் ஆனி இல்லினாய்ஸில் பிறந்தவர் என்று தெரிந்தது. உண்மையான ஆனி நியூயார்க்கை விட்டு நகரவே இல்லை. 1924இல் இறந்து குவீன்ஸில் அடக்கமானார், கல்லறையில் பெயர்கூட இல்லாமல்.

நாடே கவனித்த பெண்ணுக்கே இந்தக் கதி. பெயரும் வயதும் பொருந்துவது ஆதாரமாகாது. இடம், உடன்பிறந்தவர், மனைவியின் பிறந்த வீடு, ஞானப்பெற்றோர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும். போட்டிக்கு நிற்கும் மற்ற பேட்ரிக்குகளையும் தொடர்ந்து பாருங்கள்: ஒருவர் இரண்டு வயதில் இறந்திருப்பார், இன்னொருவர் 1901இல் அங்கேயே இருப்பார். ஒவ்வொருவர் பெயராக அடித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுபவர் உங்களுடையவர். பிறர் இணையத்தில் ஏற்றிய குடும்ப மரங்களை அப்படியே ஒட்டிக்கொள்ளாதீர்கள்.

மரபணுச் சோதனை இந்த இடத்தில்தான் உதவும், முதலில் அல்ல. எத்தனை சதவீதம் ஐரிஷ் என்பது விருந்தில் பேச நன்றாயிருக்கும். பயன் தருவது ஒத்துப்போகும் உறவினர் பட்டியல்தான்.

ஒன்பதாம் படி: பக்கவாட்டுக் கதவுகள்

நேர்வழி அடைபட்டால், ஒழுங்கானவர்கள் விட்டுச்செல்லாத சுவடுகளைத் தேடுங்கள். 1851 முதல் கீழ்நிலை நீதிமன்றப் பதிவேடுகள் உண்டு: குடித்துவிட்டுச் சாலையில் கிடந்தவர், பக்கத்து வயலில் மாடு மேயவிட்டவர். சிறைப் பதிவேட்டில் உயரமும் பிறந்த ஊரும் இருக்கும். 1860களில் நாய் உரிமம் வந்தது; நாய் வைத்தவரின் பெயர், டவுன்லேண்ட், நாயின் நிறம் வரை பதிந்தார்கள். மூதாதையின் முகம் தெரியாது, அவர் நாய் கறுப்பு என்று தெரியும். 1922இல் எரிந்த ஆவணங்களின் நகல்களை உலகெங்கும் தேடிச் சேர்த்து 2022இல் தொடங்கிய மெய்நிகர் ஆவணக் கருவூலமும் இலவசம். அது வளர்ந்துகொண்டே இருப்பதால் ஆண்டுக்கொருமுறை பெயரைப் போட்டுப் பாருங்கள்.

குடும்பப்பெயருக்கான கேடயச் சின்னம் என்று கடைகளில் விற்பதை வாங்க வேண்டுமென்றால் அழகுக்கு வாங்குங்கள். சின்னம் தனி ஆளுக்கு வழங்கப்பட்டது; மர்ஃபிகள் அனைவருக்கும் பொதுவான ஒன்று கிடையாது.

சாதாரண கத்தோலிக்கக் குத்தகைக் குடும்பத்தை 1800க்கு முன் கொண்டுபோவது அரிது. 1796இல் லினன் துணிக்கான ஆளிச்செடி பயிரிட்டு இராட்டை பெற்றவர்களின் பட்டியல், 1708இல் தொடங்கிய பத்திரப் பதிவகம், பண்ணையாரின் வாடகைக் கணக்கு ஆகியவை சிலருக்குக் கைகொடுக்கும். கைகொடுக்கவில்லை என்றால் அந்தக் கிளையை அங்கே நிறுத்திவிட்டு, இதுவரை பெயர் மட்டும் எழுதி வைத்த கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.